நீதிபதிக் குரங்கையும் வக்கீல் நரியையும் தேடிப் பார்ப்பது எப்படி?

மும்பைக்குப் போகிறவர்கள் கேட்வே, மெரைன் டிரைவ், வி.டி. ஸ்டேஷன் (இப்போது சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஓவல் மைதானத்தை ஒட்டி நீளமாக நிற்கும் பம்பாய் உயர் நீதிமன்றத்தை டாக்ஸி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அந்தக் கட்டடத்தின் தூண் ஒன்றில் கல்லில் செதுக்கிய குரங்கு ஒன்று இருக்கிறது, ஒரு கண்ணை மட்டும் கட்டிக்கொண்டு கையில் தராசு பிடித்தபடி. இன்னோர் இடத்தில் நரி ஒன்று, வக்கீல்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையோடு. இரண்டும் இன்று நேற்று வந்தவை இல்லை, கட்டடத்தோடு பிறந்தவை. அதாவது, சுமார் 150 வருடமாக நீதிபதிகளும் வக்கீல்களும் கட்சிக்காரர்களும் இவற்றைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். இவற்றை எப்படித் தேடுவது, கண்டுபிடித்தபின் எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் சும்மா போய் நின்றால் இவை கண்ணில் படாது, பட்டாலும் இரண்டு நிமிடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம், அப்படி நகர்ந்துவிட்டால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

முதலில் உள்ளே போகிற வழி. இது அருங்காட்சியகம் கிடையாது, தினமும் வழக்கு நடக்கிற நீதிமன்றம். வேலை நாளில் வராந்தா முழுக்க கருப்பு கவுனும் கோப்புக் கட்டுமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு நடுவே தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் அவர்களுக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் நிம்மதி இருக்காது. நீதிமன்றத்தோடு சேர்ந்து மகாராஷ்டிர சுற்றுலாத் துறை விடுமுறை நாட்களில் வழிகாட்டியோடு கூட்டிப்போகும் பாரம்பரிய நடைக்கு ஏற்பாடு செய்கிறது, அதில் சேர்ந்து போவதுதான் உத்தமம். நாள், நேரம் மாறும் என்பதால் மும்பைக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே விசாரித்துப் பதிவு செய்துவிடுங்கள். அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும், பை சின்னதாக இருக்கட்டும். படம் எடுப்பதை அங்கிருப்பவர்களிடம் கேட்காமல் செய்யவே செய்யாதீர்கள். செல்போனை உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போவது நல்லது, அப்போதுதான் கண்ணையும் பென்சிலையும் நம்பிப் போவீர்கள். சர்ச்கேட் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஓவல் மைதானத்தைக் கடந்து நடந்தே போய்விடலாம்.

கொண்டு போகவேண்டியது மூன்றே மூன்று. சின்ன பைனாகுலர், கோடு போடாத நோட்டு, நல்ல மென்மையான பென்சில். பைனாகுலர் ஏன் என்றால் இந்த மாதிரிக் கட்டடத்தில் செதுக்கல்கள் இருப்பதெல்லாம் தலைக்கு மேலேதான், வெறும் கண்ணுக்கு அது ஏதோ இலைக்கொத்து மாதிரி மங்கலாகத் தெரியும், பைனாகுலரை வைத்தவுடன் அந்த இலைக்கு நடுவே ஒரு மூக்கு தெரியும். அந்த நொடிக்காகத்தான் இத்தனை பாடும்.

போவதற்கு முந்தின இரவு கட்டடத்தின் கதையைக் கொஞ்சம் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 1862-ல் பம்பாயில் உயர் நீதிமன்றம் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை, கோட்டைப் பகுதியில் இருந்த பழைய மாளிகை ஒன்றில்தான் நடந்தது. இப்போதைய கட்டடத்தை வடிவமைத்தவர் கர்னல் ஜேம்ஸ் ஃபுல்லர் என்ற ராணுவப் பொறியாளர். 1871 ஏப்ரலில் வேலை ஆரம்பித்து 1878 நவம்பரில் முடிந்தது. 562 அடி நீளம், 187 அடி அகலம். 1879 ஜனவரியில் இங்கே முதல் அமர்வு நடந்தது. 2018-ல் மும்பையின் விக்டோரியன் கோதிக் கட்டடங்களையும் ஆர்ட் டெக்கோ கட்டடங்களையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அந்தத் தொகுப்பில் இதுவும் உண்டு.

கோதிக் என்கிற சொல்தான் இங்கே முக்கியம். சென்னை உயர் நீதிமன்றத்தின் சிவப்புச் செங்கல்லையும் குவிமாடங்களையும் பார்த்துப் பழகிய நம் கண் கோணங்களையும் கொடிகளையும் எதிர்பார்த்துப் போகும், ஏனென்றால் அது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய அம்சங்களைக் கலந்த இந்தோ சாராசனிக் பாணி, 1892-ல் திறந்தது, அங்கே அலங்காரம் பெரும்பாலும் பூவேலையும் கோண வடிவ வேலையும்தான். கோதிக் அப்படி இல்லை. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களிலிருந்து வந்த பாணி அது, அந்தத் தேவாலயங்களில் கல்தச்சர்களும் மரத்தச்சர்களும் தூண்தலையிலும் இருக்கைக்கு அடியிலும் மழைநீர் வடியும் வாயிலும் தங்கள் இஷ்டத்துக்கு மிருகங்களையும் கோமாளிகளையும் செதுக்கி வைத்தார்கள். பாதிரி அங்கி போட்ட நரி வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்கிற செதுக்கல் இங்கிலாந்தின் பல தேவாலயங்களில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பாணியைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் செதுக்குகிறவனுக்கும் சுதந்திரம் கொடுக்கவேண்டும், ஒவ்வொரு தூண்தலையும் வேறுவேறாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். ஆக, நீதிமன்றத் தூணில் நரி வந்து நிற்பதற்கு வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

சரி, இப்போது தேடுவது.

தூணுக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். தூணின் உயரம் எவ்வளவோ அதற்கு ஒன்றரை மடங்கு தள்ளி நின்றால் கழுத்தும் வலிக்காது, தூண்தலையும் முழுதாகத் தெரியும். முதலில் பொதுவான அமைப்பைப் பிடியுங்கள்: இலை, மொட்டு, சுருள், மறுபடி இலை. இந்தத் தாளம் கண்ணுக்குப் பழகியதும் அடுத்தடுத்த தூண்களை வேகமாகப் பாருங்கள். தாளம் எங்கே தப்புகிறதோ அங்கேதான் நிற்கவேண்டும். இலை இருக்கவேண்டிய இடத்தில் உருண்டையாக ஏதோ முட்டிக்கொண்டிருந்தால் அது தலையாக இருக்கும். அப்புறம் தூணை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், இதைப் பலர் செய்வதில்லை. எதிரே தெரிவதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கிடைக்காதவை பின்பக்கத்திலும் மூலையிலும்தான் இருக்கும், ஏனென்றால் குறும்பு செய்ய நினைக்கிற கை மேஸ்திரியின் கண் படாத பக்கத்தைத்தான் தேடும். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களுக்கு நடுவே பின்னங்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையையும் காலடியில் எலிகளையும் கண்டுபிடித்திருக்கிறீர்களா? அந்தத் தேடல்தான் இதுவும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மும்பையில் சிரமமே இருக்காது.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். நேராக விழுகிற வெளிச்சம் செதுக்கலைத் தட்டையாக்கிவிடும், பக்கவாட்டில் சாய்ந்து விழுவதுதான் குழியையும் மேட்டையும் பிரித்துக் காட்டும். கட்டடத்தின் மேற்குப் பக்கம் ஓவல் மைதானத்தைப் பார்த்து இருப்பதால் அந்த முகப்புக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் நேரம். மழைக்காலத்தில் ஈரம் ஏறி கல் கருத்துவிடும், வானமும் மூடிக்கொண்டிருக்கும், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போவதுதான் என் சிபாரிசு.

கல்லையும் பாருங்கள். அந்தக் காலத்துப் பம்பாய்க் கட்டடங்களில் சுவருக்கு எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான உள்ளூர்க் கருங்கல்லைப் போட்டார்கள், நுணுக்கமான வேலைக்குக் குஜராத்திலிருந்து கப்பலில் வந்த போர்பந்தர் சுண்ணாம்புக் கல்லைப் பயன்படுத்தினார்கள். மஞ்சள் கலந்த வெள்ளை நிறம், உளிக்குப் பணிந்து போகிற கல். நம் கோயில் கல்லில் ஒரு மடிப்பு எடுக்க வாங்குகிற உழைப்பில் இதில் மூக்கு, மீசை, கழுத்துப்பட்டை எல்லாம் எடுத்துவிடலாம். அதே மென்மைதான் இதற்குப் பகையும், கடல் காற்றின் உப்பு இதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். எனவே கை எட்டுகிற உயரத்தில் எது இருந்தாலும் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள். 150 வருடத்துக்கு முன்னால் ஒருவர் உளியால் இழுத்த கோடு அது, உங்கள் விரலின் எண்ணெய்க்கும் வேர்வைக்கும் அது தாங்காது.

குரங்கைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே நகராமல் அஞ்சு நிமிடம் நில்லுங்கள். மூன்று விஷயம் பார்க்கவேண்டும்: உடம்பில் என்ன போட்டிருக்கிறது, கையில் என்ன வைத்திருக்கிறது, பார்வை எங்கே இருக்கிறது. நோட்டில் வரைந்துகொண்டே பாருங்கள், ஓவியம் வராது என்றாலும் பரவாயில்லை, வரையும்போது கண் தானாகவே ஒவ்வொரு இடமாக நின்று போகும். தராசு என்றால் நீதிதேவதை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நீதிதேவதைக்கு இரண்டு கண்ணும் கட்டியிருக்கும், அல்லது இரண்டும் திறந்திருக்கும். இங்கே ஒரு கண் மட்டும் கட்டியிருக்கிறது. அந்த ஒற்றைக் கண்ணில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. பாரபட்சம் பார்க்கமாட்டேன் என்று கட்டிக்கொண்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று மறு கண்ணால் பார்க்கிற நீதிபதி. ஒரு துணித்துண்டை அரை முழம் நகர்த்தியதில் இவ்வளவு சொல்லிவிட்டான் அந்தக் கல்தச்சன். எழுத்தில் சொல்லியிருந்தால் அவமதிப்பு வழக்கு வந்திருக்கும்.

கண்கட்டுக்கே ஒரு கதை உண்டு, அது தெரிந்தால் இந்தக் குரங்கு இன்னும் பிடித்துப்போகும். பழைய சித்திரங்களில் நீதிதேவதை கண் திறந்துதான் நின்றாள். 1494-ல், இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் பாசல் நகரில் அச்சான ஒரு நையாண்டி நூலில், வாளும் தராசுமாக உட்கார்ந்திருக்கும் நீதிதேவதைக்குப் பின்னால் கோமாளி ஒருவன் வந்து துணியால் கண்ணைக் கட்டுகிற மரச்செதுக்குப் படம் இருக்கிறது. உண்மை தெரியாமல் வழக்கை இழுத்தடிக்கிறவர்களைக் கிண்டல் செய்த படம் அது. பின்னால் வந்த நூற்றாண்டில் அந்தக் கிண்டலே நடுநிலைக்கு அடையாளமாக மாறிவிட்டது. பம்பாயில் செதுக்கியவருக்கு இந்தப் படம் தெரிந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் கண்கட்டைத் தொட்டவுடன் அது மறுபடியும் கிண்டலாகிவிட்டது பாருங்கள். டெல்லி உச்ச நீதிமன்றத்தில் கண்கட்டை எடுத்துவிட்டு, வாளுக்குப் பதிலாக அரசியல் சாசனத்தைக் கையில் கொடுத்துப் புது நீதிதேவதை சிலை வைத்திருப்பதாக 2024-ல் செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் குரங்குதான்.

அப்புறம் ஏன் குரங்கு? இதற்கு வெளியே எங்கேயும் போகவேண்டாம், நம் வீட்டுக் கதையே போதும். இரண்டு பூனைகள் ஓர் அப்பத்துக்காகச் சண்டை போட்டுக் குரங்கிடம் பஞ்சாயத்துக்குப் போன கதை தெரியாதவர் உண்டா? குரங்கு அப்பத்தை இரண்டாகப் பிட்டுத் தராசில் வைக்கும், கனமான பக்கத்தை ஒரு கடி கடிக்கும், இப்போது மறுபக்கம் கனமாகிவிடும், அதையும் ஒரு கடி. கடைசியில் மிஞ்சின துண்டும் பங்கு வைத்ததற்குக் கூலி என்று வாயில் போய்விடும். இந்தக் கதை தமிழில் மட்டும் இல்லை, இந்தியா முழுக்கச் சின்ன மாற்றங்களோடு சொல்லப்படுகிறது. குரங்கின் கையில் தராசு என்றதும் இந்த நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஐரோப்பியத் தேவாலயத்து நரியும் இந்தியப் பாட்டி சொன்ன குரங்கும் ஒரே கட்டடத்தில் வக்கீலும் நீதிபதியுமாக நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு இந்தச் செதுக்கல்களில் மிகப் பெரிய சந்தோஷம். நரிக்கும் நாம் அந்நியர் இல்லை, பஞ்சதந்திரக் கதைகளில் பேசியே காரியம் சாதிக்கிறது அதுதானே.

வழிகாட்டிகள் உங்களுக்கு ஒரு கதை சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுமான வேலையில் துணை ஒப்பந்தம் எடுத்த ஒரு பார்சிக்காரருக்குப் பெரிய ஒப்பந்தக்காரர் பணம் தராமல் ஏமாற்றிவிட்டார், அவர் வழக்குப் போட்டுத் தோற்றுவிட்டார், அந்தக் கோபத்தில் நீதிபதியைக் குரங்காகவும் வக்கீலை நரியாகவும் செதுக்க வைத்துவிட்டார் என்பது கதை. வாய்வழியாக வருகிற கதை என்பதால் சொல்கிற ஆளுக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாறும். இதைக் கேட்கும்போது ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது நீதிமன்றம் பழைய மாளிகையில்தான் நடந்தது, ஆகவே வழக்கு தோற்றது அங்கேயாகத்தான் இருக்கமுடியும், பதில் எழுதியது இங்கே, அதே நீதிபதிகள் குடிவரப்போகிற புது வீட்டுத் தூணில். கதையாகவே இருந்தாலும் அழகான கதை. என் மனதுக்குப் படுவது என்னவென்றால், கோதிக் கட்டடத்தில் இப்படிச் செதுக்க ஒருவருக்குத் தனியாகக் கோபம் வரவேண்டியதில்லை. ஆனால் கோர்ட்டு வாசலில் வாய்தா வாய்தா என்று நடந்து செருப்புத் தேய்ந்த ஒவ்வொருவரும் அந்தப் பார்சிக்காரரைத் தன் ஆளாக நினைத்துக்கொண்டார்கள், அதனால்தான் கதை இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது.

உள்ளே இருக்கும்போது 46-ஆம் எண் நீதிமன்ற அறைக்கு வெளியே உள்ள பளிங்குப் பலகையையும் பார்த்துவிடுங்கள். 1908 ஜூலை 22 அன்று பால கங்காதர திலகருக்கு ராஜத்துரோக வழக்கில் ஆறு வருடம் தண்டனை கொடுத்து பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பிய அறை அது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் திருநெல்வேலியில் வ.உ.சி.க்குத் தண்டனை விதித்தார்கள். திலகர் அந்தத் தீர்ப்பை ஏற்காமல் நின்று சொன்ன சொற்களையே அந்தப் பலகையில் பொறித்து, 1956-ல் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா திறந்து வைத்தார். நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே தவறென்று ஒப்புக்கொண்டு சுவரில் மாட்டியிருக்கிறது. குரங்கைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால் மனசு வேறு மாதிரி ஆகிவிடும், அதனால் முதலில் குரங்கு, அப்புறம் பலகை, இந்த வரிசையில் போங்கள்.

இதே கண்ணோடு வேறு ஊர்களிலும் தேடலாம். லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருவில் இருக்கும் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் 1882-ல் திறந்தது, ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் வடிவமைத்து, திறப்பு விழாவைப் பார்க்காமலே முந்தின வருடம் இறந்துபோனார். அங்கே முன்வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள், நீதிபதிகள் நுழைகிற வாசலுக்கு மேலே கல்லில் ஒரு பூனையும் ஒரு நாயும். வாதியும் பிரதிவாதியுமாம். வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் விளக்குக் கம்பங்களை ஆமைகள் சுமக்கின்றன, நீதி மெதுவாக வந்தாலும் நிதானமாக வந்து சேரும் என்று அர்த்தம். கிழக்கு முகப்பின் முக்கோணத்தில் இரண்டு மூலைகளில் ஆமையும் முயலும்கூட உண்டு. ஆமையைப் பார்த்தால் புன்னகை வருகிறது, ஆனால் அது நீதிமன்றம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற நல்ல வார்த்தை. பம்பாய்க் குரங்கு வெளியே நிற்கிறவன் சொல்கிற வார்த்தை. இந்த வித்தியாசத்தை எந்தக் கட்டடத்தில் பார்த்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்: சிரிக்க வைக்கிறது சரி, யார் பக்கம் நின்று சிரிக்கிறது?

மும்பையிலேயே நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம், 280 அடி, அதே 1878-ல் முடிந்தது. கோபுரத்தில் மேற்கிந்தியாவின் பல சமூகத்து மனிதர்களை, அவரவர் உடையோடும் தலைப்பாகையோடும் 24 சிலைகளாக வைத்திருக்கிறார்கள், பைனாகுலருக்கு நல்ல தீனி. வி.டி. ஸ்டேஷனில் ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்கள் செதுக்கிய மிருகங்களும் பறவைகளும் இருக்கின்றன, அதற்குத் தனியாக ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள், அவசரத்தில் பார்க்கிற சமாச்சாரம் இல்லை.

கடைசியாக மறுபடியும் ஓவல் மைதானத்துக்கே வந்து, நீதிமன்றத்தைப் பார்த்தபடி புல்லில் உட்காருங்கள். ஐந்தரை மணி வாக்கில் சாய்ந்த வெயில் மேற்கு முகப்பு முழுக்க விழும், நடுக் கோபுரத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு எண்கோணக் கோபுரங்களும் தனித்தனியாகத் தெரியும். பைனாகுலரை உச்சிக்குக் கொண்டுபோனால் அங்கே இரண்டு பெண்கள் நிற்பார்கள், ஒருத்தி நீதி, இன்னொருத்தி கருணை. எவள் எவள் என்று நீங்களே கண்டுபிடியுங்கள், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும், இவ்வளவு நேரம் குரங்கிடம் பழகினது அதற்குத்தான். இருட்டுவதற்குள் நோட்டில் வரைந்துவிடுங்கள்.